கேக்குது சார்

உக்காருங்க சார், உக்காருங்க. ஜன்னல் ஓரம் எனக்கு வேணும், நீங்க இந்தப் பக்கம், என் வலது கைப் பக்கமா உக்காந்துக்கோங்க. காத்துக்காக இல்ல. அப்படியே பழகிப்போச்சு. மூஞ்சில கட்டியிருக்கிற கர்ச்சீப்பைக் கொஞ்சம் எறக்கிக்கிறீங்களா? தூசிதான், தெரியுது. ஆனா எனக்கு ஒரு மனுஷன் வாயைப் பாத்துப் பேசுனாதான் பேசுன மாதிரி இருக்கும். ஆங், இப்ப சரி.

மணி இன்னா? ஏழே காலா? வேலூர்லயே இவ்வளவு நேரம் நிறுத்துனா எப்படி சார்? நான் பதினொரு மணிக்கு பரங்கிமலை ராணுவ ஆஸ்பத்திரியில நிக்கணும். மெடிக்கல் போர்டு. மூணு டாக்டர் உக்காந்து நம்மளை மேல கீழ பாத்து ஒரு முடிவு எழுதுவாங்க, அதுக்குப் பேருதான் போர்டு. பத்து நிமிஷம் லேட்டா போனா கூட "ஆள் வரலை"ன்னு எழுதி மூடிடுவாங்க. நான் இருபத்திநாலு வருஷத்துல ஒரு நாள் லேட்டா போனதில்ல. ஹவில்தார் ஏகாம்பரம், ரிட்டயர்டு. பீரங்கிப் படை. ஊரு குடியாத்தம் பக்கம். எங்க தெருவுல மட்டும் பதினோரு வீட்டுல பட்டாளத்துக்காரன் இருக்கான்.

இன்னா கேட்டீங்க? பென்ஷன்தான் வருதே, அப்புறம் இன்னாத்துக்கு போர்டுன்னா? எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. ஏதோ நான் ரெண்டு ரேஷன் கார்டு வச்சிருக்கிற மாதிரி கேக்குறாங்க. சொல்றேன் கேளுங்க. இத்தனை வருஷம் வேலை செஞ்சேன் பாருங்க, அதுக்கு ஒரு பென்ஷன். அது வருது, ஒன்னாந்தேதி ஆனா கரெக்டா வருது, குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையில உடம்பு கெட்டுப்போச்சுன்னா அதுக்குத் தனியா இன்னொன்னு. ஒன்னு வாங்குனா இன்னொன்னு கிடையாதுன்னு இல்ல. ரெண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே கணக்குல, ஒன்னு மேல ஒன்னா வரும். அது உழைப்புக்கு, இது உடம்புக்கு. ஆனா இந்த ரெண்டாவதுக்கு ரெண்டு கண்டிஷன். உடம்புல இருபது பர்சென்ட்டாவது போயிருக்கணும். அது பட்டாளத்தாலதான் போச்சுன்னு போர்டு எழுதணும். உடம்பைப் போய் பர்சென்ட்டா பிரிச்சிருக்கான் பாருங்க, தேங்காய்க்குப் பத்தை போடுற மாதிரி.

எங்க தெருவுல கோதண்டம் சார்னு ஒருத்தர் இருக்கார், சுபேதாரா வெளிய வந்தவர். அவர் வாங்குறார். பிரஷர். வெறும் பிரஷர் சார்! வெளிய வரும்போது கடைசியா ஒரு மெடிக்கல் வைப்பாங்க இல்ல, அப்பவே பிரஷர், முட்டி வலின்னு எல்லாத்தையும் சொல்லி எழுதி வாங்கிகினு வந்துட்டார். முப்பதுன்னு எழுதுனாங்க, சட்டப்படி அதை அம்பதா தூக்கிக் குடுக்குறாங்க. தினம் காலையில நாலு கிலோமீட்டர் நடக்குறார். அவர் பாதி உடம்பு போனவர். நான் முழு உடம்பு.

எனக்கு இன்னான்னா, காது. லேசா மந்தம். லேசாதான். உங்க பேச்சு எனக்கு நல்லாவே கேக்குது, நீங்க சாதாரணமா பேசுங்க. பீரங்கி பக்கத்துல நின்னவன் எவனுக்கும் காது கொஞ்சம் அடைக்கத்தான் செய்யும். குண்டு கிளம்பும்போது சத்தம் காதுல கேக்காது சார், நெஞ்சுல கேக்கும். ஒரு வருஷம் மலையில தொடர்ந்து ஒன்பது நாள் அடிச்சோம். பஞ்சு வச்சிகினு நின்னா ஆர்டர் கேக்காது, அதனால பஞ்சை எடுத்துடுவோம். பத்தாவது நாள் தலையணையில ரத்தம். இடது காது.

ஏன் முன்னால சீட்டுக்காரங்க திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க? நான் சத்தமா பேசுறனா? பீரங்கிக்காரன் குரல் சார், மன்னிச்சுக்கணும்.

அங்க இருந்த ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டு ஒரு பேப்பர் எழுதுனார். ரெண்டு காதும் அடிபட்டிருக்கு, பீரங்கிச் சத்தத்தால, இடது ரொம்ப மோசம், இவனை பீரங்கிப் பக்கமே விடாதீங்க, மெடிக்கல் கேட்டகரியைக் குறைங்கன்னு. கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு கவர்ல வச்சு, உன் யூனிட் டாக்டர்கிட்ட குடுன்னு என் கையிலேயே குடுத்தார். புரியுதா சார்? அந்த பேப்பர் இன்னிக்கு இருந்திருந்தா நான் இந்த பஸ்ஸுல உக்காந்திருக்க மாட்டேன். கோதண்டம் சார் மாதிரி வாக்கிங் போயிகினு இருப்பேன்.

குடுத்தனா? குடுக்கலை. குடுத்தா இன்னா ஆவும்னு கேளுங்க. கேட்டகரி இறங்கிடும். கேட்டகரி இறங்குனா பிரமோஷன் கிடையாது. அப்ப எனக்கு ஹவில்தார் ஆவுற நேரம், ஒரு பீரங்கிக்கு நான்தான் தலைவனா நிக்கப்போறேன். நான் சொன்னா ஏழு பேர் ஓடணும், நான் கையை எறக்குனா குண்டு போவணும். அதை விட்டுட்டு ஸ்டோர்ல உக்காந்து போர்வை எண்ணச் சொல்றீங்களா? போங்க சார்.

அங்கயே கிழிச்சுப் போட்டிருக்கலாமேன்னு தோணும். கிழிக்க முடியலை. ஆபீசர் கையெழுத்து, மேல சிங்கம் போட்ட சீல். அதைக் கிழிக்க பட்டாளத்துக்காரன் கைக்கு வராது சார். பெட்டி அடியில வச்சு, லீவுல வரும்போது எடுத்துகினு வந்து பொண்டாட்டி கையில குடுத்தேன். அவ பேரு பூங்காவனம். "இதை அடுப்புல போட்டுடு. இது எவன் கண்ணுலயாவது பட்டுச்சுன்னா என் வேலை போச்சு, நாம நடுத்தெருவுல நிக்கணும்"னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுகினேன். அரை மணி கழிச்சு உள்ள வந்தா கருகல் வாசனை. "ஆச்சா?"ன்னேன். தலையை ஆட்டுனா.

நான் சொன்னா எரிச்சுடுறதா சார்? ஒரு வார்த்தை, "ஏன்யா, இருக்கட்டுமே"ன்னு சொல்ல வேணாமா? மத்த எதுல என் பேச்சைக் கேட்டிருக்கா? அவரைக்காய் வாங்காதன்னா அவரைக்காய்தான் வாங்குவா. இதுல மட்டும் ஆர்டரை மதிச்சுட்டா.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் மெடிக்கல் வரும். காது டெஸ்ட் எப்படின்னா, நம்மளைச் செவுத்தைப் பாத்து நிக்க வச்சுட்டு, டாக்டர் இருபது அடி பின்னால நின்னு ரகசியம் பேசுற மாதிரி ஏதாவது நம்பர் சொல்வார். நாம திருப்பிச் சொல்லணும். எனக்கு ஒரு மண்ணும் விழாது. ஆனா மெடிக்கல் ரூம்ல தர்மலிங்கம்னு ஒரு தேனிக்காரன், நர்சிங் அசிஸ்டன்ட், நம்ம பையன். ரெஜிஸ்டரை மார்ல அணைச்சிகினு செவுத்தோரமா என் எதிர்ல வந்து நிப்பான். டாக்டர் பின்னால நாப்பத்தேழுன்னா, இவன் எதிர்ல சத்தமில்லாம வாயை மட்டும் அசைப்பான். "நாப்பத்தேழு சார்!"னு நான் கத்துவேன். இங்கிலீஷ்லயும் சொல்வேன், இந்தியிலயும் சொல்வேன். எல்லா வருஷமும் முழு ஃபிட். தர்மலிங்கம் மாறிப் போனப்புறம் அவனும் தேவைப்படலை. டாக்டர் மூக்குக்கண்ணாடியில, ஜன்னல் கண்ணாடியில, எங்க வாய் தெரியுதோ அங்க பாத்துக்குவேன். அது ஒரு கலை சார். வெளிய வந்த அன்னிக்கும் என் பேப்பர்ல எழுதியிருக்கான், உடம்புல ஒரு குறையும் இல்லைன்னு.

இது இன்னா ஊரு, காவேரிப்பாக்கமா? உருட்டிகினு போறான் பாருங்க. பெட்ரோல் பங்க்ல வேற நிறுத்தாம இருக்கணும்.

இன்னா சார், என் மடியில இருக்கிற பையையே பாக்குறீங்க? வாசனை வருதா? புளிசோறு, டிபன் கேரியர்ல. வீட்டுல கட்டிக் குடுத்தது. மூணு அடுக்கு எதுக்குடி ஒரு ஆளுக்குன்னேன். மூடியை அமுக்கி என் கையில குடுத்தா. கொஞ்ச நேரம் போவட்டும், உங்களுக்கும் தர்றேன்.

அவ முன்ன அப்படி இல்ல சார். கல்யாணமான புதுசுல வாயை மூட மாட்டா. லீவுக்கு வந்தா ஒரு வருஷத்துக் கதையை ரெண்டு நாள்ல சொல்வா. இப்ப ஒரு பத்து வருஷமா பேச்சே கொறைஞ்சு போச்சு. ஏதாவது சொல்லணும்னா எதிர்ல வந்து நின்னு தோள்ல தட்டி, கையால "சாப்பாடு", கையால "கடை", ஊமைக்குக் காட்டுற மாதிரி காட்டுறா. எனக்குக் கோவம் வருமா வராதா? வயசான பொம்பளைங்க அப்படித்தான் ஆயிடுவாங்க போல. எம் பொண்ணும் கல்யாணமாகி ஓசூர்ல இருக்கா, போனே பண்றதில்ல. போன் எனக்கு இன்னாத்துக்கு? பைக்குள்ள கிடக்கு. டிவியாவது பாக்கலாம்னா அது பழைய டிவி, சத்தமே வராது, ஃபுல்லா வச்சா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர்றான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெளிய வந்தப்புறம் கூட இதைக் கேக்கலாம்னு கோதண்டம் சார்தான் சொன்னார். அவர்தான் மனு எழுதுனார். மலையில இருந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டோம், பழைய ரெஜிஸ்டரெல்லாம் விதிப்படி அழிச்சாச்சுன்னு பதில் வந்துச்சு. பேப்பர் இல்லைன்னா பரவாயில்ல, காது இருக்கே, அதைக் காட்டலாம்னார். எட்டு மாசம் முன்னால முதல் போர்டு.

போனேன். காது டாக்டர் ஒரு மேடம். மேஜர். எனக்கு எதிர்லயே உக்காந்து, "ஏகாம்பரம், நான் பேசறது கேக்குதா?"ன்னாங்க. என் குதிகால் ரெண்டும் தானா ஒட்டிகிச்சு. நெஞ்சு நிமிந்துச்சு. "கேக்குது சார்!"னு சொல்லிட்டேன். மேடத்தைப் போய் சார்னு. அவங்க சிரிச்சிகினே எழுதுனாங்க.

அது கூடப் போவட்டும். அப்புறம் கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டன் குடுத்தாங்க. சத்தம் கேக்கும்போது அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்ல ஒருத்தன். அவன் ஒழுங்கா திரும்பி உக்கார வேணாமா? என் கண்ணு முன்னால உக்காந்துகினு டக் டக்குன்னு தட்டுறான். அவன் விரல் எறங்கும்போதெல்லாம் என் விரலும் எறங்கிச்சு. நான் அமுக்கலை சார், அதுவா அமுக்குது! வருஷா வருஷம் பாஸாகியே பழகுன உடம்பு. முடிஞ்சதும் மெஷின் ஆளு என்னைப் பாத்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறான். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

"குறைபாடு எதுவும் இல்லை"ன்னு தபால் வந்துச்சு. கோதண்டம் சார் தலையில அடிச்சிகினார். "செவிடுன்னு சொல்லப் போன எடத்துல பாஸ் பண்ணிட்டு வந்த ஒரே ஆளு நீதான்யா"ன்னார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கலை. மந்தம்னு சொல்லலாம் இல்ல? பூங்காவனத்துக்கிட்ட சொன்னேன். முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் பாத்தா முந்தானையில கண்ணைத் தொடைச்சிகினு இருக்கா. இதுல அழ இன்னா இருக்கு?

இது அப்பீல் போர்டு. இதுதான் கடைசி. இதையும் விட்டா கோர்ட்டு, வக்கீலு, அதெல்லாம் என்னால ஆவாது. பணத்துக்காகன்னு நினைக்காதீங்க. வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன், அது வேற. ஆனா ஒரு வரி எழுதணும் சார். இவன் காதை எடுத்தது பீரங்கின்னு சர்க்கார் ஒரு வரி எழுதணும். இல்லைன்னா இன்னா? ஏதோ வயசான கிழவன், காது அடைச்சுப் போச்சு, அவ்வளவுதானா?

போன வாரம் மூணு நாள் கோதண்டம் சார் பிராக்டீஸ் குடுத்தார். மொட்டை மாடியில என்னை நிக்க வச்சு, அவரே டாக்டர் மாதிரி உக்காந்து, "ஏகாம்பரம், கேக்குதா?"ம்பார். நான் "கேக்குது சார்"ம்பேன். "யோவ், கேக்கலைன்னு சொல்லுய்யா!" "சரி சார்." "கேக்குதா?" "கேக்குது சார்." கடைசியில துண்டை உதறித் தோள்ல போட்டுகினு கீழ எறங்கிப் போயிட்டார். பெரிய ஆளு கேக்கும்போது இல்லைன்னு சொல்ல என் வாய் வளையவே மாட்டேங்குது. இன்னிக்கு இன்னா செய்யப்போறேன்னு தெரியலை.

நேத்து சாயங்காலம் அந்த ஆத்திரத்துல அவகிட்ட கத்திட்டேன். "அந்த பேப்பரை எரிச்சியே, என் வாழ்க்கையை எரிச்சுட்டியேடி"ன்னு. அவ பாத்திரம் கழுவிகினு முதுகைக் காட்டி இன்னாவோ முணுமுணுத்தா. நிமிந்து கூடப் பாக்கலை. ஆனா காலையில பாருங்க, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டா. நான் ஏறி இப்படித்தான் ஜன்னல் ஓரமா உக்காந்தேன். கீழ நின்னுகினு, கம்பியைப் பிடிச்சிகினு, பஸ் உறுமுது, அவ இன்னாவோ சொல்லிகினே இருக்கா. பையைக் காட்டிக் காட்டிச் சொல்றா. நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரை போடு, வேற இன்னா சொல்லப்போறா? சரி சரின்னு தலையை ஆட்டுனேன். பஸ் நகந்தப்புறமும் கூட நடந்து வந்தா.

இன்னா சார்? இன்னா பையைக் காட்டுறீங்க? பசிக்குதா? போனா? போன் அடிக்குதா? என் போனா?

இருங்க. அட, ஆமா. பதினாலு தடவை அடிச்சிருக்கு. எல்லாம் வீட்டு நம்பர். நீங்க முன்னாடியே சொல்லக்கூடாதா? சொன்னீங்களா? எப்ப?

ஹலோ. ஆங், சொல்லு. ஆங். ஆங். சரி. சரி சரி. சாப்பிடுறேன். ஆங், வச்சுடுறேன்.

அவதான். சாப்டியான்னு கேட்டா.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? இல்லையா? அவ அதைக் கேக்கலையா? உங்களுக்கு எப்படித் தெரியும்? போன்லேர்ந்து வெளிய வரைக்கும் கேட்டுச்சா? முன் சீட்டு வரைக்கும் கேட்டுச்சா?

மறுபடியும் அடிக்குதா? இந்தாங்க. நீங்க பிடிங்க சார். இல்ல, நீங்களே பேசுங்க. எனக்குக் கேக்காது.

ஆமா. கேக்காது. போன்ல ஒரு சொல்லும் விழாது. நீங்க சொல்றதும் கேக்கலை, உங்க வாயைத்தான் படிச்சிகினு வர்றேன். பேசுங்க, அவ கத்திகினு இருப்பா. கேட்டு எனக்கு வாயசைச்சுச் சொல்லுங்க, மெதுவா.

எரிக்கலையா? எதை? மறுபடி சொல்லுங்க. எதை எரிக்கலை?

அடி அடுக்குலயா? கேரியர்லயா? இருங்க, இருங்க. மேல புளிசோறு. நடுவுல அப்பளம். இதைக் கொஞ்சம் பிடிங்க. கீழ... பிளாஸ்டிக் கவரு. டபுளா சுத்தியிருக்கா.

அதான் சார். அதே பேப்பர். சிங்கம் பாருங்க. இங்க பாருங்க, டாக்டர் கையெழுத்து. இந்த மூலை மட்டும் கருகியிருக்கு. போட்டிருக்கா சார். நான் சொன்னேன்னு அடுப்புல போட்டுட்டு, பத்த ஆரம்பிச்சதும் கையை விட்டு எடுத்திருக்கா.

கேளுங்க, ஏன் இத்தனை வருஷம் சொல்லலைன்னு கேளுங்க. பயமா? எதுக்கு பயம்? இது வெளிய வந்தா வேலை போயிடும்னு நான் சொன்னேன் இல்ல, அதான். இப்ப இதைக் காட்டுனா வர்ற பென்ஷனையும் பிடுங்கிக்குவாங்கன்னு பயந்துகினு இருந்திருக்கா. நேத்து கோதண்டம் சார் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தாளாம். அது உழைப்புக்கு, இது உடம்புக்கு, ஒன்னு கேட்டா இன்னொன்னு போவாதுன்னு அவர் சொன்னப்புறம்தான் எடுத்தாளாம். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தாளே, அதுவும் இதுதானா? நான் கத்துன கத்துல நேர்ல கையில குடுக்க பயந்துதான் கேரியர்ல வச்சாளாம்.

ஒளிச்சு வச்சியான்னு போர்டுல கேப்பாங்க. கேக்கட்டும். ஒளிச்சேன்னு சொல்றேன். டாக்டருங்க வாயைப் பாக்காம, தரையைப் பாத்துகினு நிக்குறேன்.

இன்னா, இன்னும் வைக்கலையா? இன்னா கேக்குறா? பஸ் ஸ்டாண்டுல ஜன்னல்கிட்ட நின்னு அவ்வளவு கத்துனாளே, அது கேட்டுச்சான்னு கேக்குறாளா? நான் தலையாட்டுனதுல கேட்டுடுச்சுன்னு நினைச்சிகினு வீட்டுக்குப் போயிட்டாளாம். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சாம்.

நீங்க பதில் சொல்லாதீங்க சார். போனை இப்படி என் வாய்கிட்ட பிடிங்க. இதை நானே சொல்றேன்.

பூங்காவனம். எனக்குக் கேக்கலை.